எந்த ஊர் என்று கேட்டவர்கள்

வெளிநாடு ஒன்றில் முன்பின் அறியாத ஒருவர் நம்மிடம் பேச முற்படும்போது அவர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். நீங்கள் எந்த ஊர்? பத்திரிகைத் தொழிலில் இருந்த காரணத்தால் சில நாடுகளுக்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. ரயிலிலும் தேநீர்க்கடைகளிலும் விமான நிலைய வரிசைகளிலும் இந்தக் கேள்வியை எத்தனையோ தடவைகள் எதிர்கொண்டிருக்கிறேன். ஆயினும் 2013 ஆம் ஆண்டு துருக்கியின் டெனிஸ்லி நகரில் ஒரு முதியவர் கேட்டபோது நான் கூறிய பதில்தான் இன்றுவரை மனதை உறுத்திக்கொண்டிருக்கிறது.

ஊடகவியலாளர் பயிற்சிப் பட்டறை ஒன்றுக்காக அந்நாட்டுக்குச் சென்றிருந்தேன். பட்டறை முடிந்து கையில் இரண்டு நாட்கள் எஞ்சியிருந்தன. டெனிஸ்லிக்குச் செல்லும் உல்லாசப் பயணிகள் அநேகமாக அருகிலுள்ள பமுக்கலேயின் வெண்ணிறச் சுண்ணாம்புப் படிகளைப் பார்க்கவே செல்வார்கள். நான் சென்றதற்குக் காரணம் வேறு. 14 ஆம் நூற்றாண்டில் அந்நகரின் கடைத்தெருவில் இப்னு பதூதாவுக்கு நேர்ந்த ஓர் அனுபவத்தைப் பல்கலைக்கழகக் காலத்தில் வாசித்திருந்தேன். பேராதனை நூலகத்தில் இருந்த கிப் என்பாரின் ஆங்கில மொழிபெயர்ப்பு அது. அந்தக் கடைத்தெருவை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை நெடுநாட்களாக இருந்தது.

கடைத்தெரு ஓரத்தில் ஒரு தேநீர்க்கடை. இடை சிறுத்த சிறிய கண்ணாடிக் குவளையில் பால் கலவாத தேநீர் வந்தது. பக்கத்து மேசையில் இருந்த முதியவர் என்னைப் பார்த்து, "நெரெலிசின்?" என்றார். தேநீர் கொண்டுவந்த இளைஞனுக்கு ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருந்தது. "நீங்கள் எந்த ஊர் என்று கேட்கிறார்" என்று மொழிபெயர்த்தான்.

"கொழும்பு" என்றேன்.

முதியவர் மீண்டும் ஏதோ கேட்டார். "பிறந்த ஊரும் அதுதானா என்று கேட்கிறார்" என்றான் இளைஞன்.

"ஆம்" என்று தலையசைத்தேன். நான் பிறந்தது யாழ்ப்பாணத்தில்.

அந்த முதியவருக்கு இலங்கை எங்கே இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது. யாழ்ப்பாணம் என்று சொல்லியிருந்தால் எனக்கு எந்தத் தீங்கும் நேர்ந்திருக்கப் போவதில்லை. இருந்தும் நாக்கு தானாகவே பொய் சொல்லிற்று. அது ஏன் என்பதைப் பின்னர் கூறுகிறேன். அதற்கு முன்னர் இப்னு பதூதாவின் கதையைச் சொல்லிவிட வேண்டும்.

தூனிஸ் நகரில் ஒரு கண்ணீர்

மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில் 1304 ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா, 1325 ஆம் ஆண்டு தமது 21 ஆவது வயதில் ஹஜ் யாத்திரைக்காகத் தன்னந்தனியே வீட்டை விட்டுப் புறப்பட்டார். வழியில் ஒரு பயணக் கூட்டத்துடன் சேர்ந்து தூனிஸ் நகரை அடைந்தார். நகரமக்கள் வெளியே வந்து தமக்குத் தெரிந்தவர்களை வரவேற்றனர். ஒருவரையொருவர் நலம் விசாரித்தனர். இவருக்கு அங்கே தெரிந்தவர் எவருமில்லை. ஒருவர்கூட இவருக்கு ஸலாம் சொல்லவில்லை. தனிமை தாளாமல் அழுதுவிட்டதாக அவரே ஒளிவுமறைவின்றிக் கூறுகிறார். அதைக் கவனித்த யாத்திரிகர் ஒருவர் அருகில் வந்து ஸலாம் கூறி, நகருக்குள் நுழையும்வரை ஆறுதலாகப் பேசிக்கொண்டே வந்தார்.

ஏறத்தாழ 30 ஆண்டுகள் நீடித்த பயணம் அது. எகிப்து, மக்கா, பாரசீகம், கிழக்கு ஆபிரிக்கா, துருக்கி, டில்லி, மாலைதீவு, இலங்கை, சீனா, மாலி என்று அன்றைய உலகின் பெரும்பகுதியை அவர் பார்த்தார். சுல்தான்கள் அவரை அருகில் இருத்தி விருந்தளித்தனர். டில்லியில் நீதிபதியாகவும் இருந்தார். இவை யாவும் முடிந்து ஊர் திரும்பிய பின்னர், மொரோக்கோ சுல்தான் அபூ இனானின் கட்டளைப்படி, அந்தலூசிய அறிஞர் இப்னு ஜுஸை எழுத, தமது நினைவுகளை வாய்மொழியாகக் கூறினார். 1355 ஆம் ஆண்டு நிறைவுபெற்ற அந்த நூலே 'ரிஹ்லா' எனப்படுகிறது. மன்னர்களின் பெருமையை நிறையவே பேசும் அந்நூலில், 30 ஆண்டுகளுக்கு முன்னர் தம்மிடம் வந்து நாலு வார்த்தை பேசிய பெயரறியாத ஒரு யாத்திரிகரையும் மறவாமல் சேர்த்திருக்கிறார்.

செருப்புத் தைப்பவரின் விருந்து

1330களின் தொடக்கத்தில் அவர் இன்றைய துருக்கியின் தென்கரையை அடைந்தார். அங்கே முதற்தடவையாக ஒரு பெரிய சிக்கல் எழுந்தது. அவருக்குத் துருக்கி மொழி தெரியாது. அந்நாட்டுச் சாதாரண மக்களுக்கு அரபு தெரியாது. அதுவரை அவர் சென்ற நாடுகள் பலவற்றில் அரபு பேசும் அறிஞர்களோ வணிகர்களோ எங்கும் இருந்தனர். இங்கே கடைவீதியில் ஒரு ரொட்டி வாங்குவதற்கும் அடுத்தவரை நம்ப வேண்டியதாயிற்று.

அந்தாலியா நகரில் அவர் தங்கியிருந்தபோது பழைய உடையும் கம்பளித் தொப்பியும் அணிந்த ஒருவர் வந்து, உடனிருந்த ஷெய்கிடம் துருக்கி மொழியில் ஏதோ சொன்னார். அவர் உங்களையும் உங்கள் தோழர்களையும் விருந்துக்கு அழைக்கிறார் என்றார் ஷெய்க். இப்னு பதூதா தயங்கினார். இவர் ஏழை, இவருக்கு நாம் சுமையாக இருக்கலாகாது என்றார். ஷெய்க் சிரித்துவிட்டார். செருப்புத் தைக்கும் அந்த மனிதர் 'அகீ' எனப்பட்ட சகோதரத்துவச் சங்கங்களில் ஒன்றின் தலைவர். பல்வேறு கைத்தொழில்களைச் செய்யும் சுமார் 200 பேர் அவரைத் தலைவராக ஏற்றிருந்தனர். வெளியூரார் தங்குவதற்கென அவர்கள் ஒரு மடத்தையே கட்டியிருந்தனர். பகலில் உழைத்துச் சம்பாதிப்பதை இரவில் விருந்தினருக்குச் செலவிடுவது அவர்களது வழக்கம்.

அன்று மாலை அந்த மடத்திற்குச் சென்ற இப்னு பதூதா, விரிக்கப்பட்டிருந்த கம்பளங்களையும் கண்ணாடி விளக்குகளையும் இடுப்பில் நீண்ட கத்தி செருகிய இளைஞர்கள் வரிசையாக நிற்பதையும் கண்டு வியந்தார். உணவுக்கும் பழங்களுக்கும் பின்னர் அவர்கள் பாடினார்கள், ஆடினார்கள். ஒரு சொல்லும் விளங்காத அந்த இரவை அவர் வாழ்நாள் முழுவதும் நினைவில் வைத்திருந்தார். உலகில் வேறெங்கும் அந்நியரை இப்படி உபசரிப்பவர்களைக் காணவில்லை என்கிறார்.

சற்று யோசித்துப் பாருங்கள். அன்றைய அனத்தோலியா அமைதிப் பூங்காவாக இருக்கவில்லை. செல்ஜுக் அரசு சிதறி, சிறு சிறு சுல்தான்கள் ஒருவரோடொருவர் மோதிக்கொண்டிருந்த காலம் அது. பாதைகளில் கொள்ளையர் திரிந்தனர். அத்தகைய ஒரு நாட்டில் அரசர்கள் செய்யத் தவறியதைத் தச்சரும் செருப்புத் தைப்பவரும் கூடிச் செய்தார்கள்.

கடிவாளத்தைப் பிடித்த கைகள்

இனி நான் தேடிச் சென்ற டெனிஸ்லிக் கதைக்கு வருகிறேன். அரபு நூல்களில் அந்நகருக்கு லாதிக் என்று பெயர்.

இப்னு பதூதா தோழர்களுடன் குதிரையில் கடைத்தெரு வழியாகச் சென்றுகொண்டிருந்தார். திடீரெனச் சிலர் தமது கடைகளில் இருந்து இறங்கி ஓடிவந்து குதிரைகளின் கடிவாளத்தைப் பற்றிக்கொண்டனர். இன்னொரு கூட்டத்தினர் வந்து அவர்களைத் தடுத்தனர். வாய்ச்சண்டை முற்றிச் சிலர் கத்தியையும் உருவிவிட்டனர். அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் இவர்களுக்கு விளங்கவில்லை. அந்தப் பகுதியில் வழிப்பறி செய்வோரைப் பற்றி ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தபடியால், இவர்களே அந்தக் கொள்ளையர், நமது உயிருக்கும் உடைமைக்கும் முடிவு வந்துவிட்டது என்று நடுங்கினார்கள்.

அவ்வேளையில் அரபு தெரிந்த ஒரு ஹாஜியார் அங்கு வந்து சேர்ந்தார். இவர்களுக்கு என்ன வேண்டும் என்று இப்னு பதூதா கேட்டார். ஹாஜியார் கூறிய விளக்கம் வேறாக இருந்தது. முதலில் வந்தவர்கள் அகீ ஸினானின் ஆட்கள். பின்னர் வந்தவர்கள் அகீ தூமானின் ஆட்கள். விருந்தினர் தமது மடத்தில்தான் தங்க வேண்டும் என்பதற்காகவே இரு தரப்பினரும் சண்டையிடுகிறார்கள்! கடைசியில் சீட்டுப் போட்டுப் பார்த்துச் சமாதானமாகினர். முதலில் ஸினானின் மடம், அடுத்து தூமானின் மடம் என்று முடிவாயிற்று. ஸினான் தாமே விருந்தினரைக் குளியலறைக்கு அழைத்துச் சென்று பணிவிடை செய்தார். பின்னர் தூமானின் முறை வந்தபோது அவர் அதையும் விஞ்சினார்.

மொழி தெரியாத அந்தச் சில நிமிடங்களில் உபசரிப்பு வழிப்பறியாகத் தோன்றிற்று. பற்றியிழுத்த கைகளும் உரத்த குரல்களும் உருவிய கத்திகளும் உண்மையானவை. அவற்றின் பொருளைச் சொல்வதற்கு மொழி இல்லாதபோது பயம் ஒரு பொருளைச் சொல்லிவிட்டது. இரு மொழியும் தெரிந்த மூன்றாவது மனிதர் ஒருவர் வந்ததும் அந்தப் பொருள் மாறிவிட்டது. வரலாற்றில் அந்த ஹாஜியாரின் பெயர் இல்லை.

பழைய அரபும் புதிய அரபும்

மொழிபெயர்க்க வந்தவர்கள் எல்லோரும் அந்த ஹாஜியாரைப் போல இருக்கவில்லை. வடக்கே ஒரு சிற்றூரில் இவர்களுடன் பேசுவதற்கு மார்க்க அறிஞர் ஒருவரை அழைத்து வந்தனர். அவர் பாரசீகத்தில் பேசினார். அரபு அவருக்கு விளங்கவில்லை. ஊரார் முன்னிலையில் தமக்கு அரபு தெரியாது என்று ஒப்புக்கொள்ள அவருக்கு மனமில்லை. ஆகவே, இவர்கள் பேசுவது பழைய அரபு, நான் அறிந்தது புதிய அரபு என்று பாரசீகத்தில் ஊராரிடம் சொல்லிவிட்டார். அதன் விளைவு வேடிக்கையானது. பழைய அரபு நபிகள் நாயகமும் தோழர்களும் பேசிய மொழியல்லவா என்று ஊரார் இவர்களை மேலும் மரியாதையாக நடத்தினர்! அன்று அந்த வாக்கியம் இப்னு பதூதாவுக்கு விளங்கவில்லை. ஆனால் அதன் ஒலியை மனதில் பதித்து வைத்திருந்தார். பின்னர் பாரசீக மொழியைக் கற்றபோதுதான் அந்த மனிதர் செய்த தந்திரம் தெரியவந்ததாம்.

இதே வழியில் நெய் வாங்கிவர ஒருவரை அனுப்பினார்கள். அரபில் நெய்க்கு 'ஸம்ன்' என்று பெயர். போனவர் ஒரு கட்டு வைக்கோலுடன் திரும்பிவந்தார். துருக்கி மொழியில் 'ஸமான்' என்றால் வைக்கோல். இன்றும் அதே சொல்தான்.

இந்தத் தொல்லைகளால் அரபு தெரிந்த வேறொரு ஹாஜியைக் கூலிக்கு அமர்த்தினர். அவரோ செலவுப் பணத்தில் ஒரு பகுதியைத் தினமும் சுருட்டிக்கொண்டார். அவரை விலக்கினால் பேசுவதற்கு ஆளில்லை. மாலையில், ஹாஜியாரே, இன்று எவ்வளவு திருடினீர் என்று இவர்கள் கேட்பார்கள். அவரும் கூசாமல் தொகையைச் சொல்வார். எல்லோரும் சிரித்துவிட்டு உறங்கப் போவார்கள். கையாலாகாத நிலையில் சிரிக்கத் தெரிந்ததும் அவரது பயணம் நீடித்ததற்கு ஒரு காரணம் என்றே எண்ணுகிறேன்.

புத்தளத்தில் பாரசீகம்

1344 ஆம் ஆண்டு மாலைதீவில் இருந்து தமிழகத்தின் மஃபர் கரையை நோக்கிப் புறப்பட்ட கப்பலைக் காற்று இலங்கைப் பக்கம் தள்ளிவந்தது. புகைத்தூண் போல எழுந்து நின்ற மலையொன்றைத் தூரத்தே கண்டனர். அதுவே சிவனொளிபாதம். முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. ஆயினும் கரையை அணுக மாலுமிகள் அஞ்சினர். இந்தத் துறைமுகம் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டது, அவன் கடலில் கொள்ளையிடும் கப்பல்களை வைத்திருப்பவன் என்றார்கள். காற்றின் வேகமோ அவர்களை வேறெங்கும் போகவிடவில்லை. என்னைக் கரையில் இறக்கிவிடுங்கள், உங்களுக்கு அபயம் பெற்றுத் தருகிறேன் என்று கூறி இப்னு பதூதா இறங்கினார்.

கரையில் அவரிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது. நீ யார்? அவரது பதிலில் உண்மையும் பொய்யும் கலந்திருந்தன. தாம் மஃபர் சுல்தானின் உறவினர் என்றார். திருமண வழியில் அது உண்மை. கப்பலில் உள்ள பொருட்கள் அந்தச் சுல்தானுக்குரிய அன்பளிப்புகள் என்றார். அது உயிருக்குப் பயந்து சொன்ன பொய்.

புத்தளத்தில் இருந்த யாழ்ப்பாண இராச்சியத்து மன்னனிடம் அவரை அழைத்துச் சென்றனர். மன்னன் எழுந்து வரவேற்றுத் தனக்கருகில் இருத்தினான். கப்பலில் உள்ளோரும் தனது விருந்தினரே என்றான். மன்னனுக்குப் பாரசீகம் விளங்கிற்று என்பது இப்னு பதூதா தரும் முக்கியமான செய்தி. டில்லி அரசவையின் மொழியாக இருந்த பாரசீகம் இங்கே கைகொடுத்தது. மூன்று நாட்கள் தங்கி, தாம் கண்ட நாடுகளைப் பற்றியும் அரசர்களைப் பற்றியும் மன்னனுக்குக் கதை கூறினார்.

ஒருநாள் மன்னன் முன்னால் முத்துக்கள் குவிந்திருந்தன. நீ வந்த நாடுகளில் முத்துக்குளிப்பைக் கண்டதுண்டா என்று மன்னன் கேட்டான். பாரசீக வளைகுடாவில் கண்டிருக்கிறேன் என்றார். சில முத்துக்களைக் கையில் எடுத்து, இப்படிப்பட்டவை அங்கே உண்டா என்றான். இவற்றிலும் குறைந்தவற்றையே கண்டேன் என்றார் விருந்தினர். மகிழ்ந்த மன்னன் அவற்றை அவருக்கே கொடுத்து, வெட்கப்படாமல் விரும்பியதைக் கேள் என்றான். ஆதமின் பாதச் சுவட்டைத் தரிசிப்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இல்லை என்றார். மன்னன் பல்லக்கு ஒன்றையும் அதைத் தூக்குவோரையும் அளித்தான். 4 யோகிகள், 3 பிராமணர்கள், தனது பரிவாரத்தில் 10 பேர், உணவு சுமக்க 15 பேர் ஆகியோரையும் துணைக்கு அனுப்பினான்.

சைவ மன்னன், மொரோக்கோ முஸ்லிம், பாரசீக மொழி, யோகிகளும் பிராமணர்களும் துணைவர, பௌத்தர்களும் வணங்கும் மலையை நோக்கிய பயணம்! இதை ஓர் அபூர்வமான தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. முத்தும் கறுவாவும் வாங்க வந்தவர்களுடன் பேசியாக வேண்டும். ஆகவே துறைமுகங்களில் பல மொழிகள் புழங்கின. 1911 ஆம் ஆண்டு காலியில் கண்டெடுக்கப்பட்டு, இன்று கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் கல்வெட்டு இதற்குச் சான்று. சீனத் தளபதி செங் ஹோவின் கடற்பயணத்துடன் தொடர்புடைய, 1409 ஆம் ஆண்டுக் காலக்குறிப்புடைய அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகள் உள்ளன. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகிறது.

மாலுமிகளின் அச்சம் அன்று பொய்த்தது. ஆனால் எல்லா அச்சமும் பொய்யாவதில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அதன் பின்னர் மலையாளக் கரையோரமாகச் சென்றபோது 12 கப்பல்களில் வந்த கடற்கொள்ளையர், ஆரியச்சக்கரவர்த்தி கொடுத்த முத்துக்களையும் மணிகளையும் உடைகளையும் பறித்துக்கொண்டு, காற்சட்டையுடன் மட்டும் அவரைக் கரையில் விட்டுச் சென்றனர்.

பேச்சு நின்ற இடங்கள்

இப்னு பதூதாவைப் புனிதராக்குவது எனது நோக்கமன்று. பேச்சு முறிந்த இடங்களில் அவரது பார்வையும் குறுகிற்று. சீனாவின் பாதுகாப்பையும் செல்வத்தையும் புகழ்ந்த அவர், அங்குள்ள வழக்கங்கள் தம் மனதுக்கு ஒவ்வாததால் அவசியமின்றி வீட்டை விட்டு வெளியே செல்லவில்லை என்கிறார். முஸ்லிம் ஒருவரைக் காணும்போது மட்டும் சொந்தக்காரரைக் கண்டது போல மகிழ்ந்தாராம். அங்கே ஒரு நகரில் தமது நாட்டின் சியூட்டா ஊரைச் சேர்ந்த ஒருவரைச் சந்தித்து இருவரும் கண்ணீர்விட்டனர். பல ஆண்டுகளின் பின்னர் சகாராப் பாலைவனத்தின் விளிம்பிலுள்ள சிஜில்மாசாவில் அம்மனிதரின் சகோதரர் வீட்டில் தங்கினார். இரு சகோதரர்களுக்கிடையே எத்தனை தூரம் என்று வியந்தார். நெஞ்சைத் தொடும் செய்திதான். எனினும் சீனர் ஒருவருடன் மனம்விட்டுப் பேசியதாக அவரது நூலில் அரிதாகவே காண்கிறோம். அவரது சீனப் பயணத்தின் சில பகுதிகள் உண்மையில் நடந்தவையா என்று ஆய்வாளர் சிலர் ஐயுறுவதற்கு அந்தப் பகுதியின் தெளிவின்மையும் ஒரு காரணம்.

1352 ஆம் ஆண்டு தொடங்கிய மாலிப் பயணத்திலும் இவ்வாறே. வலாத்தா நகரில் ஆளுநரின் பிரதிநிதி, அருகிலேயே நின்ற வணிகருடன் நேரடியாகப் பேசாமல் ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசினார். அந்நாட்டில் உயர்பதவியில் இருப்போர் அவ்வாறு பேசுவது வழக்கம். அதை அவமதிப்பு என்று கருதிய இப்னு பதூதா, இந்நாட்டுக்கு ஏன் வந்தோம் என்று வருந்தினார். இடித்த தினையில் தேனும் பாலும் கலந்து சுரைக்குடுவையில் விருந்தாகக் கொடுத்தபோது, இதற்காகவா அழைத்தார்கள் என்று முகஞ்சுளித்தார். ஆனால் அதே மக்களின் நீதியுணர்வையும், வழிப்போக்கர் அச்சமின்றி நடமாடக்கூடிய பாதுகாப்பையும், இறந்துபோன அந்நியரின் சொத்தை அவர்கள் தொடாததையும் பின்னர் நேர்மையாகப் பாராட்டினார்.

புத்தளம் பஸ்ஸில் ஒருவர்

இப்பொழுது எனது பொய்க்கு வருகிறேன்.

1990 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் வட மாகாணத்து முஸ்லிம்கள் அனைவரையும் விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். யாழ்ப்பாண நகரத்தவர்களுக்கு இரண்டு மணி நேரமே கொடுக்கப்பட்டது. அவர்களில் மிகப் பலர் புத்தளத்தில் ஓலைக் கொட்டில்களில் குடியேறினர். சில ஆண்டுகளின் பின்னர் இளம் நிருபராக அந்த முகாம்களுக்குச் சென்று செய்தி சேகரித்துவிட்டுக் கொழும்புக்கு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். பக்கத்து ஆசனத்தில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு முஸ்லிம் வியாபாரி. "தம்பி எந்த ஊர்?" என்றார். "கொழும்பு நானா" என்றேன். அக்காலத்தில் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருப்பதே ஒருவரைப் பஸ்ஸில் இருந்து இறக்கப் போதுமானதாக இருந்தது. எந்த ஊர் என்ற கேள்வி விசாரணையின் முதல் வரியாகிவிட்ட காலம் அது. அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கினர். எனது அட்டையைப் புரட்டிய சிப்பாய், "கம கொஹெத?" என்றார். ஊர் எது என்பதுதான் கேள்வி. எனது சிங்களம் அந்த நேரத்தில் தொண்டையில் சிக்கிக்கொண்டது. என்னைத் தனியே நிற்கும்படி சைகை காட்டினார். அப்போது அந்த வியாபாரி திரும்பி வந்து சரளமான சிங்களத்தில் சிப்பாயுடன் பேசத் தொடங்கினார். இவர் பத்திரிகைக்காரர், முகாமுக்கு வந்து எங்களுடைய கஷ்டங்களை எழுதிக்கொண்டு போகிறார், எனக்குத் தெரிந்த பிள்ளை என்றார். சிப்பாயும் இளைஞர்தான். அவரது முகத்திலும் பயம் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன். சிறிது நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அட்டையைத் திருப்பித் தந்தார்.

பஸ் மீண்டும் புறப்பட்ட பின்னர் வியாபாரி யன்னலுக்கு வெளியே பார்த்தபடி சொன்னார். "தம்பி, பேச்சைக் கேட்டவுடனேயே எனக்கு விளங்கிற்று. நானும் யாழ்ப்பாணந்தான். சோனகத் தெரு."

என்னால் பதில் பேச முடியவில்லை. எனது ஊரில் இருந்து, எனது மொழி பேசியவர்களால், இரண்டு மணி நேரத்தில் துரத்தப்பட்டவர் அவர். என்னைத் தெரியும் என்று சிப்பாயிடம் சொல்ல வேண்டிய எந்தக் கடப்பாடும் அவருக்கு இல்லை. பேசாமல் இருந்திருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கவும் முடியாது. சிலாபத்தில் இறங்கும்போது தோளில் தட்டிவிட்டுப் போனார்.

இப்னு பதூதாவுக்கு லாதிக்கில் ஒரு ஹாஜியார் வாய்த்தார். எனக்குப் புத்தளம் பஸ்ஸில் அந்த நானா வாய்த்தார். இவ்வளவுக்குப் பிறகும் அந்தக் கேள்வியைக் கேட்டதும் ஒளிந்துகொள்ளும் பழக்கம் என்னை விட்டுப் போகவில்லை. யுத்தம் முடிந்து நான்கு ஆண்டுகள் கழிந்த பின்னர், ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால், எவ்விதத் தீங்கும் நினையாத ஒரு முதியவரிடம் அது வெளிப்பட்டது. டெனிஸ்லியில் அன்றிரவு விடுதி அறையில் இதைத்தான் எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். புலம்பெயர்ந்து வாழும் வாசகர் பலருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும் என்று நினைக்கிறேன்.

சிறையில் வளர்ந்த மகன்

இப்னு பதூதா ஊர் திரும்பி டில்லிச் சுல்தானைப் பற்றிக் கூறியபோது மொரோக்கோவில் பலர் நம்பவில்லை. பொய்யர் என்று இரகசியமாகப் பேசிக்கொண்டனர். மாபெரும் வரலாற்றறிஞரான இப்னு கல்தூனும் அந்தச் சந்தேகத்தில் பங்குகொண்டு, அமைச்சர் ஃபாரிஸ் இப்னு வத்ராரிடம் இதுபற்றிப் பேசினார். அமைச்சர் அவருக்கு ஒரு கதை சொன்னாராம். அமைச்சர் ஒருவர் பல ஆண்டுகள் சிறையில் அடைபட்டிருந்தார். அவரது மகன் அங்கேயே வளர்ந்தான். அறிவு வந்த வயதில், தான் உண்ணும் இறைச்சி எந்தப் பிராணியுடையது என்று தந்தையிடம் கேட்டான். ஆட்டிறைச்சி என்றார் தந்தை. ஆடு எப்படி இருக்கும் என்றான். தந்தை விபரித்தார். அப்படியானால் அது எலியைப் போன்றதா என்று மகன் கேட்டான். சிறையில் அவன் கண்ட ஒரே பிராணி எலிதான். மாடு, ஒட்டகம் என்று எதைச் சொன்னாலும் அவனுக்கு அது எலியின் இனமாகவே தோன்றிற்று. கண்டதில்லை என்பதற்காக ஒன்றை மறுக்காதீர் என்பது அமைச்சரின் அறிவுரை.

இப்னு கல்தூன் இதைத் தமது 'முகத்திமா'வில் எழுதி வைத்தார். செய்தியை எடைபோடுவது பற்றிய பாடமாக வரலாற்று மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். எனக்கு அது வேறொன்றையும் சொல்கிறது. நீண்ட காலம் அச்சத்தில் வளர்ந்த எங்களுக்கும் எதிரே வரும் ஒவ்வொரு அந்நியனும் நாம் அறிந்த அந்த ஒரே உருவமாகத்தான் தெரிகிறான்.

மறுநாள் காலை பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அதே தேநீர்க்கடைக்குச் சென்றேன். முதியவர் இல்லை. இளைஞன் இருந்தான். நேற்று நான் சொன்னது சரியல்ல, எனது ஊர் யாழ்ப்பாணம், அந்தப் பெரியவரைக் கண்டால் சொல்லிவிடு என்றேன். அவன் அந்தப் பெயரை இரண்டு மூன்று தடவைகள் சொல்லிப் பார்த்தான். ழகரம் அவனது நாவுக்கு அகப்படவேயில்லை. இருவரும் சிரித்தோம். தேநீருக்குக் காசு வாங்க மறுத்துவிட்டான்.

தூனிஸில் ஆறுதல் கூறிய யாத்திரிகரின் பெயரை இப்னு பதூதா எழுதவில்லை. கேட்காமல் விட்டாரா, மறந்து போனாரா என்று முன்பெல்லாம் யோசிப்பேன். நானும் அந்தச் சோனகத் தெரு நானாவின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நிருபர் தொழிலில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். 2009க்குப் பின்னர் யாழ்ப்பாணத்திற்குச் செல்லும்போதெல்லாம் சோனகத் தெருப் பக்கம் ஒரு தடவை நடந்துவிட்டு வருவேன். திரும்பி வந்தவர்கள் சிலர் இடிந்த சுவர்களைக் கட்டியெழுப்பிக் கடை வைத்திருக்கிறார்கள். வயதான ஒருவரைக் கண்டால் நின்று பேசுவேன். அவர்கள் "தம்பி எந்த ஊர்?" என்று கேட்கிறார்கள்.

இந்த ஊர்தான் என்று இப்போது சொல்கிறேன்.